நான்காம் பெட்டியும் ஐந்தாம் பெட்டியும்

அத்தியாயம் 9

முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது நம் பியோங்ஹோவின் குணத்துக்கு ஒத்துவராத காரியம். பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். தென்கொரியாவின் ஆந்தோங் பக்கத்தில் பதினாலு தலைமுறையாகப் பெயர் சொல்லும், 'நம்' என்ற குலப்பெயர் கொண்ட குடும்பத்தின் மூத்த கிளை வாரிசு. ஆனாலும் மகள் தாயுன் தன் சம்பளத்தில் ஜப்பானுக்கு டிக்கெட் எடுத்து நீட்டியபோது அவர் மறுக்கவில்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் நீட்டியதில்லை.

மகள் செய்த ஒரே தவறு, தாத்தாவின் திதியைப் போன வருடத்து ஆங்கிலத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டதுதான். சந்திரக் கணக்கு தள்ளிப்போனது. பயணத்தின் நட்டநடு நாளில் திதி வந்து உட்கார்ந்துகொண்டது. டிக்கெட்டோ, திருப்பிக் கொடுக்க முடியாத மலிவு டிக்கெட்.

"சடங்கு செய்யறவன் எங்க இருக்கானோ அங்க மூதாதை வருவார்" என்று சொல்லிவிட்டார் பியோங்ஹோ. பித்தளைக் கோப்பைகளையும், தன் கையால் தூரிகை பிடித்து எழுதிய, இறந்தவரின் முறை சொல்லிச் சுவரில் ஒட்டும் பெயர்க் காகிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருடைய சித்தப்பா மகன் மான்சிக்குக்கு இது போதுமானதாக இருந்தது. "அண்ணே, சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவுல கூப்பிடறேன். ஒழுங்கா நடந்தா சரி. நடக்கலேன்னா அடுத்த வருஷத்துலேருந்து திதி எங்க வீட்டுல, என் மகன் கையால. உங்களுக்கும் பாரம் குறையும்."

"பாரமா?" என்றார் பியோங்ஹோ. "சரி. ஏழு மணிக்குக் கூப்பிடு."

அந்த நாள்தான் இன்று.

*

காலையிலேயே பஸ்ஸில் ஒரு தகராறு.

பியோங்ஹோவின் ஊரில், இறங்கும் நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து கதவை ஒட்டி நிற்பவன்தான் விவரம் தெரிந்தவன். உட்கார்ந்து யோசிப்பவனை டிரைவர் அடுத்த நிறுத்தத்தில்தான் இறக்கிவிடுவார். ஒசாகாவிலும் அவர் அப்படியே எழுந்தார். வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. ஒலிபெருக்கியில் டிரைவர் ஏதோ பணிவாகச் சொன்னார்.

"என்ன சொல்றான்?"

"உக்காரச் சொல்றாருப்பா."

"நான் இறங்கப்போறேன்னு சொல்லு."

"நிறுத்தம் வந்து வண்டி நின்ன பிறகு எழுந்தா போதுமாம். விழுந்துடப் போறீங்களாம்."

"எனக்கு நிக்கத் தெரியாதுன்னு நினைச்சானா?"

டிரைவர் மறுபடியும் சொன்னார். முன்னைவிடப் பணிவாக. வண்டி நகரவில்லை. பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லோரும் தங்கள் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டியிருந்தால் அவர் திருப்பிக் கொடுத்திருப்பார். ஒருவரும் திட்டவில்லை. உட்கார்ந்தார்.

நிறுத்தம் வந்ததும், அதே மரியாதையைத் திருப்பிச் செலுத்துவதுபோல, மிக மெதுவாக எழுந்து, சட்டையை நீவி, ஒவ்வொரு அடியாக நடந்து இறங்கினார். பஸ் காத்திருந்தது.

"உங்களுக்காக இன்னிக்கு ஒசாகாவே நின்னுடுச்சுப்பா" என்று தாயுன் சிரித்தாள்.

"நிக்கட்டும்."

ஒசாகா கோட்டை வாசலில் அடுத்தது. தாயுன் டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டு கையசைத்தாள். அவர் அசையவில்லை.

"உள்ள லிஃப்ட் இருக்காம்பா. ஏற வேண்டியதில்ல."

"நம்ம நாட்டு மேல படை அனுப்பினவன் வீட்டுக்கு நான் டிக்கெட் வாங்கிட்டுப் போகணுமா? நம்ம பாட்டன் வில்லைத் தூக்கிட்டு மலையேறினது இதுக்குத்தானா?"

"அதாகி நானூறு வருஷமாச்சு."

"நம்ம வீட்டுல இன்னும் ஆகல."

மகள் தனியாக உள்ளே போனாள். அவர் அகழிக்கரையில் கோட்டைக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று கேமராவை அவர் கையில் கொடுத்து, கோட்டை தெரியும்படி தங்களைப் படமெடுக்கச் சொன்னது. மறுப்பது மரியாதையில்லை. எடுத்துக்கொடுத்தார். படத்தில் அவர்கள் இருவரும் இருந்தார்கள், மரங்கள் இருந்தன, தண்ணீர் இருந்தது. கோட்டை மட்டும் இல்லை.

திரும்பி வந்த தாயுன் விஷயத்தைக் கேட்டு அகழிக்கரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவரும் சற்றுச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

*

மதியம் சுருஹாஷி சந்தை. கொரியக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் இடம். திதிக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைத்தது. இலந்தை, கஷ்கொட்டை, பேரிக்காய், உலர்ந்த சீமைப் பனிச்சை, கருவாடு, பச்சைப்பயறு அடை. சமைத்த குழம்பில் பூண்டோ மிளகாயோ விழவில்லை என்று பியோங்ஹோ இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கடைக்கார அம்மாள் இங்கேயே பிறந்தவள். ஆனால் பேச்சு மட்டும் அவர் பக்கத்து மலைக் கிராமத்துப் பேச்சு.

"யாரு திதி, அய்யா?"

"எங்க அப்பா."

"ஊரை விட்டு வந்தும் விடாம செய்யறீங்களே, நல்லாயிருங்க. முதல் கோப்பை மது ஊத்தறது நீங்கதானே?"

"நான்தான்."

"உங்களுக்கப்புறம் யாரு?"

பியோங்ஹோ பேரிக்காய் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். தாயுன் இலந்தைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. அம்மாள் இருவரையும் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னும் ஒரு பிடி இலந்தையை அள்ளிப் போட்டாள்.

தெருவுக்கு வந்ததும் தாயுன் கேட்டாள்.

"அந்தம்மா கேட்டப்ப ஏன் பதில் சொல்லல?"

"எதுக்கு?"

"உங்களுக்கப்புறம் யாருன்னு கேட்டாங்களே."

"ரோட்டுல சத்தம் போடாதே."

"நான் சத்தம் போடலப்பா. சத்தமே போடாதது நீங்கதான். மான்சிக் சித்தப்பா கேக்கும்போதும் இப்படித்தான் இருந்தீங்க. என் பேரைச் சொல்ல வெக்கமா இருந்தா, அவர் மகன் பேரையாவது சொல்லிட்டுப் போங்க. நான் ஒண்ணும் அழமாட்டேன்."

இதற்கு ஒரு பதில் அவரிடம் இருந்தது. ஆனால் அது, ஆண் வாரிசுக்கே உரிமை என்னும் சடங்குப் புத்தகங்களின் பதில். மகள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே, கோபம் வந்தவர் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். வேகமாக நடந்தார்.

ரயில் நிலையத்தில் கூட்டம். அவர்கள் தங்கியிருந்த விடுதி தெற்கே வாகாயாமாவில், ஸ்டேஷனை ஒட்டி. உணவுப் பைகளோடு தாயுன் ஐந்தாம் பெட்டியில் ஏறுவதைப் பார்த்தார். அதற்கு முந்திய நான்காம் பெட்டியில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தார். ஒரு பெட்டி தூரத்தில் இருக்கட்டும். கோபம் ஆறியதும் நடந்து போய்ப் பேசிக்கொள்ளலாம்.

நடந்து போக முடியாது என்பதை அவர் கவனிக்கவில்லை. நான்காம் பெட்டிக்கும் ஐந்தாம் பெட்டிக்கும் நடுவில் வழியில்லை. இரண்டு பக்கமும் டிரைவர் அறை. அது உண்மையில் ஒட்டி வைத்த இரண்டு ரயில்கள்.

பொது இடத்தில் கண்ணயர்வதைப் பெரிய குறையாகச் சொல்பவர் பியோங்ஹோ. பள்ளியில் அதற்காகப் பையன்களை நிற்க வைத்தவர். நான்காம் பெட்டியின் வெதுவெதுப்பான இருக்கையில் அவர் தலை முன்னால் சாய்ந்தது.

*

விழித்தபோது இரண்டு பக்கமும் கடல்.

ரயில் ஒரு நீண்ட பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. காற்று பெட்டியைப் பிடித்து உலுக்கியது. எதிரே பெரிய பெட்டிகளோடு ஒரு கூட்டம், கொரிய மொழியில் வளவளத்துக்கொண்டிருந்தது. சிவப்புத் தொப்பி போட்ட ஓர் அம்மாளிடம் கேட்டார்.

"வாகாயாமா தாண்டிடுச்சா?"

"அய்யோ, இது விமான நிலையம் போறதுங்க. பின்னாடி நாலு பெட்டியைக் கழட்டி வாகாயாமாவுக்கு அனுப்பிட்டாங்களே. முன்னாடி நாலு இங்க வருது." பிறகு, அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நம்ம பாஷையில கூடச் சொன்னாங்க."

நம்ம பாஷையில் கூடச் சொன்னார்கள். பஸ்ஸில் நின்றதைவிட இது வலித்தது.

விமான நிலையத்தில் இறங்கித் திரும்பும் ரயிலுக்கு ஓடினார். நடைமேடை வாசலில் கயிறு கட்டியிருந்தது. பாலத்தின் மேல் காற்று வலுத்துவிட்டது. அவர் வந்ததுதான் கடைசி ரயில். பஸ்களும் நிறுத்தம். எப்போது விடுவார்கள் என்று கேட்டதற்கு, சீருடைப் பெண் இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டாளே தவிர, நேரம் சொல்லவில்லை.

மணி ஆறரை ஆகிக்கொண்டிருந்தது.

இணைய இணைப்புப் பெட்டி தாயுனிடம் இருந்தது. விமான நிலையத்தின் இலவச இணைப்பைத் தேடிப் பிடித்து மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா! எங்கப்பா இருக்கீங்க? நான் ஸ்டேஷன்ல தேடாத இடமில்ல!"

"விமான நிலையத்துல."

"என்னது! கோவிச்சுக்கிட்டு ஊருக்கே கிளம்பிட்டீங்களா?"

"உளறாதே. ரயில் பிரிஞ்சுடுச்சு. பாலத்துல காத்து. வர முடியாது."

அந்தப் பக்கம் பைகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கோப்பை, பெயர்க் காகிதம், எல்லாம் என் பையில இருக்கு" என்றார்.

"சோறும் குழம்பும் பழமும் என்கிட்ட."

"மான்சிக்கைக் கூப்பிட்டு…" பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "இந்த வருஷம் நடக்கலேன்னு நானே சொல்லிடறேன். அவன் வாயால கேக்கறதுக்கு என் வாயால சொல்றது மேல்."

"அப்பா, ஏழு மணிக்கு போனைக் கையில வெச்சுக்கிட்டு நில்லுங்க. வேற எதுவும் பண்ணாதீங்க, யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க." இணைப்பை வைத்துவிட்டாள்.

*

ஏழு மணிக்கு போன் ஒலித்தது. திரையில் இரண்டு கட்டங்கள்.

ஒன்றில் மான்சிக், சடங்குக்கு உடுத்தும் வெள்ளை அங்கியில். அவன் பக்கத்தில், பியோங்ஹோவின் தகப்பனாருக்குக் கடைசித் தம்பி, எண்பத்தெட்டு வயது சித்தப்பா. குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்தவர். சாட்சிக்கு அவரையே அழைத்து வந்து உட்கார வைத்திருந்தான்.

இன்னொன்றில் விடுதி அறை. பியோங்ஹோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

தாழ்ந்த மேசையில் வெள்ளைத் தாள் விரித்திருந்தது. சிவந்த பழங்கள் கிழக்கே, வெளிறியவை மேற்கே. மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே. மீனின் தலை இருக்க வேண்டிய பக்கம் இருந்தது. சோற்றுக்கு வலப்பக்கம் குழம்பு. உயிரோடிருப்பவர்களுக்கு வைப்பதற்கு நேர்மாறாக. அவர் வரிசை வரிசையாகத் தவறு தேடினார். ஆசிரியர் கண் அது, விடாது. ஒன்றும் அகப்படவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. பையன்களுக்குத்தான் சொல்லித் தருவார்கள். அவள் தட்டுகளைத் தூக்கிவந்து கொடுத்தபடி, வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

எண் அழுத்தித் திறக்கும் அறைக்கதவை அவள் தன் முதுகுப்பையை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தாள்.

"கதவு ஏன் திறந்து கிடக்கு?" என்றான் மான்சிக்.

"தாத்தாவுக்கு அந்த நம்பர் தெரியாதே, சித்தப்பா."

கிழவர் தொண்டைக்குள் ஏதோ சத்தம் எழுப்பினார். சிரிப்போ இருமலோ.

"அண்ணன் எங்கே?" என்றான் மான்சிக்.

"நான் இங்க இருக்கேன்" என்றார் பியோங்ஹோ. பின்னால் விமான அறிவிப்பு ஓடியது.

மான்சிக் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆக, செய்யறது பொண்ணு. சரி, அதையும் பார்ப்போம். சுவத்துல ஒட்டியிருக்கிற பெயர்க் காகிதத்தைக் கிட்டக்க காட்டும்மா."

தாயுன் காட்டினாள். அவள் கையெழுத்து. பேனாவால் எழுதியது, ஆனால் கோணாமல் நின்றது. மான்சிக் படித்துவிட்டுத் தொடையில் தட்டினான்.

"பாத்தீங்களா சித்தப்பா? 'மறைந்த தந்தை'ன்னு எழுதியிருக்கா! செய்யறவனுக்கு என்ன முறையோ அந்த முறையைத்தானே எழுதணும்? இவளுக்கு அவர் தாத்தா இல்லையா? தாத்தாவை அப்பாவாக்கிட்டு ஒரு திதியா? இதுக்குத்தான் சொன்னேன் அண்ணே. சடங்கு கடைச்சரக்கு இல்ல, பாத்துப் பாத்து அடுக்கறதுக்கு."

பியோங்ஹோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறந்தார். அதற்குள் மகள் பேசிவிட்டாள்.

"செய்யறவர் எங்க அப்பா, சித்தப்பா. அவர் உயிரோட இருக்கார். காத்துல மாட்டிக்கிட்டு நிக்கறார், அவ்வளவுதான். செய்யறவருக்கு வர முடியலேன்னா அவருக்குப் பதிலா இன்னொருத்தர் நிக்கலாம், ஆனா முறை அவரோட முறைதான். நான் 'தாத்தா'ன்னு எழுதியிருந்தா எங்க அப்பா செத்துப்போயிட்டார்னு அர்த்தம். நான் இன்னிக்கு அவரோட கை. கைக்குத் தனியா தாத்தா கிடையாது."

மான்சிக் கிழவரைத் திரும்பிப் பார்த்தான்.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அது சரி. அதுதான் முறை." ஒரு கண்ணைத் திறந்தார். "மான்சிக், உன் மகன்கிட்டக் கேட்டிருந்தா என்ன எழுதியிருப்பான்?"

"அவன்… கம்ப்யூட்டர்ல அச்சடிச்ச காகிதம் வாங்குவான், சித்தப்பா."

"ம்."

பியோங்ஹோ விமான நிலையக் கூடத்தின் கண்ணாடிச் சுவரோரமாக நின்றிருந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. நாற்பது வருடம் வகுப்பில் நின்ற முதுகு. ஆனால் இன்று நிமிர்ந்ததுபோல அது என்றைக்கும் நிமிர்ந்ததில்லை.

"அப்பா" என்றாள் தாயுன். "முதல் கோப்பை நீங்கதான். கோப்பை உங்ககிட்டதானே இருக்கு."

அவர் பித்தளைக் கோப்பையை எடுத்தார். மது இல்லை. பக்கத்துக் கடையில் இந்த நாட்டு அரிசி மது சின்னப் போத்தலில் இருந்தது. கை ஒரு கணம் தயங்கியது. இந்த நாட்டு மதுவா? போகட்டும், கோப்பை நம்முடையது என்று சொல்லிக்கொண்டு வாங்கினார். மேல்கோட்டைக் கழற்றித் தரையில் விரித்தார். போனைச் சுவரில் சாய்த்து வைத்தார். மண்டியிட்டார்.

பெட்டியை உருட்டிக்கொண்டு வந்த ஒருவன் அவர்மேல் முட்டப் பார்த்தான். அதே சிவப்புத் தொப்பி அம்மாள் எங்கிருந்தோ பாய்ந்து வந்து கையைக் குறுக்கே நீட்டினாள்.

"ஏய், சுத்திப் போ! கண்ணு தெரியலையா, அய்யா திதி குடுக்கறார்!" பிறகு தன் கூட்டத்தை நோக்கி, "தொப்பியைக் கழட்டுங்க எல்லாரும். கிம் அண்ணே, அந்த போனை அணைங்க. வாயில இருக்கிறதை முழுங்குங்க."

சுற்றுலாக் கூட்டம் முழுவதும் அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றது. அந்தச் சீருடைப் பெண்கூட ஓடி வந்தாள். நிலைமையைப் பார்த்தாள். தடுக்க வந்தவள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

பியோங்ஹோ கோப்பையில் மூன்று தரமாக மதுவை ஊற்றினார். ஒரு துளி சிந்தவில்லை. திரையில் தாயுன், அவர் கோப்பையை உயர்த்திய அதே நேரத்தில், விடுதியின் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் உயர்த்தி மேசையில் வைத்தாள். இருவரும் சேர்ந்து குனிந்தார்கள். ஒருமுறை. மறுமுறை.

எழுந்ததும் அவர் போனைப் பார்த்துச் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படி, பள்ளி மைதானத்தில் பேசும் குரலில் சொன்னார்.

"சித்தப்பா, இதையும் கேட்டுக்குங்க. மதியம் ஒரு அம்மா என்னைக் கேட்டாங்க, உனக்கப்புறம் யாருன்னு. எனக்கப்புறம் நம் தாயுன். என் மகள். நம்ம வீட்டு முதல் கோப்பை அவளோடது."

திரையில் தாயுன் அசையாமல் நின்றாள். கோத்துப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"பொண்ணா?" என்றான் மான்சிக். "குடும்பக் கூட்டம் ஒத்துக்குமா, அண்ணே?"

"கூட்டட்டும். வந்து நிக்கறேன்."

கிழவர் கையை ஆட்டினார். "கூட்டம் கூடறப்ப பாத்துக்கலாம். இன்னிக்குத் திதி ஒழுங்கா நடந்துச்சு. அதை நான் பாத்தேன். ரெண்டாவது கோப்பையை ஊத்துங்க, வந்திருக்கிற என் அண்ணன் காத்துக்கிட்டிருப்பார்."

தாயுன் இரண்டாம் கோப்பைக்காகச் சற்று விலகி நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் பின்னாலிருந்த இடம் திரையில் தெரிந்தது.

அங்கே ஓர் இளைஞன் நின்றிருந்தான். காலுறை மட்டும் போட்ட கால்கள். சட்டைப் பொத்தான் கழுத்துவரை மாட்டியிருந்தது. வீட்டு ஆளும் இல்லை, வெளியாளும் இல்லை என்பதுபோல, மகளுக்குச் சரியாக ஓரடி பின்னால் நின்றான். தாயுன் குனிந்தபோது அவனும் குனிந்தான். இடது கை வலது கைக்கு மேலே. திதிக்கு ஆண்கள் வைக்க வேண்டிய விதம் அது. சியோலில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

காலையில் அந்த விடுதியில் இவர்களைத் தவிர வேறு கொரியர் கிடையாது. தாயுன் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. அங்கே ஓர் ஆள் நிற்பது தெரிந்தவள் பார்க்காத விதத்தில் பார்க்கவில்லை.

மான்சிக்கும் பார்த்துவிட்டான். குரலில் பழைய வெளிச்சம் திரும்பியது. "அண்ணே, பின்னாடி நிக்கறது யாரு?"

கூடத்தில் பின்னால் நின்ற வரிசை முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தது. சிவப்புத் தொப்பி அம்மாள் எட்டித் திரையைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டு விருந்தாளி" என்றார் பியோங்ஹோ.

"பேரு?"

"கோப்பை கையில இருக்கும்போது விருந்தாளி பேரைக் கேக்கற வழக்கம் நம்ம வீட்டுல இல்ல, மான்சிக்."

சொல்லிவிட்டு, சட்டை மடிப்புக் கலையாமல் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் அப்படியே இருந்தார். பின்னால் நின்ற கூட்டம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது. அவர் அந்த நேரம் முழுவதும், மான்சிக் கேட்ட அதே கேள்வியைத்தான் தரையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.